பழைய ஸ்டெபிலைசரிலிருந்து ஒரு டிரான்ஸ்பார்மர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஸ்டெபிலைசரைப் பிரித்து, பேட்டரி சார்ஜருக்கு 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரை நீயே கட்டப் போகிறாய் என்று படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். இங்கே என் பட்டறைக்கு வருகிறவர்கள்கூட, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்றுதான் சொல்கிறார்கள்.

ஸ்டெபிலைசருக்குள் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்பார்மர் என்பதை மறந்துவிடாதே. ஒரே காயிலில் நடுநடுவே பல டேப் (இணைப்பு முனை) எடுத்திருப்பார்கள். அதிலேயே 12 வோல்ட்டுக்கு இன்னொரு டேப் எடுத்தால், பேட்டரி முனையைத் தொடுகிறவர் வீட்டு லைனையே தொட்டதாகும். ஆகவே பழைய கம்பியை முழுவதும் உருவிவிட்டு, லைன் சேரும் பிரைமரி காயிலையும் 12 வோல்ட் தரும் செகண்டரி காயிலையும் தனித்தனியாகச் சுற்று. உருவிய கம்பியின் எனாமல் பூச்சு உரிந்திருக்கும் என்பதால் அதை எடைக்குப் போட்டுவிடு.

காயிலுக்குள் போகும் இரும்புத் தகடுகளின் நடுத்தண்டு அகலம் 3 செ.மீ., தகடுகளின் அடுக்கு 4 செ.மீ. என்று எழுதியிருந்தாய். பரப்பு 12 சதுர செ.மீ. ஆகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 45-ஐ அந்தப் பரப்பால் வகுத்து, தகடுகளின் இடைவெளிக்காகச் சற்றுக் கூட்டினால், வோல்ட்டுக்கு 4 சுற்று. 230 வோல்ட் பிரைமரிக்கு 920 சுற்று, 27 கேஜ் (தடிமன் எண்) கம்பி. செகண்டரிக்கு 48 சுற்று போதும் என்றாலும், லோடில் வோல்டேஜ் இறங்குமாதலால் 51 ஆக வை. 5 ஆம்பியருக்கு 16 கேஜ் தாங்கும்.

எனக்குக் கவலை இந்தக் கணக்கைப் பற்றியல்ல, இன்சுலேஷனைப் பற்றித்தான். காயில் எரிவது பெரும்பாலும் ஓரத்தில்தான்: மேலடுக்கின் கடைசிச் சுற்று நழுவி, பாபின் (காயில் சுற்றும் கூடு) சுவரை ஒட்டி இரண்டடுக்கு கீழே இறங்கிவிடும். அடுக்குகளுக்கு இடையே வைக்கும் தாளை பாபினைவிடச் சிறிது அகலமாக நறுக்கி, இரு ஓரங்களையும் சீப்புப் பல்லைப் போல வெட்டி, சுவரோரம் மேல்நோக்கி மடித்துவிட்டால் கம்பி இறங்க வழியிராது. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே மைலார் என்ற பிளாஸ்டிக் தாளை மூன்று நான்கு சுற்றாவது போடு. 1831-இல் இரும்பு வளையத்தில் இரண்டு காயில் சுற்றிய விஞ்ஞானி பாரடேகூட, எனாமல் கம்பி இல்லாத அந்நாளில் துணியையும் நூலையும் இடையிட்டே சுற்றினார்.

தகடுகளை ஒன்றுவிட்டு ஒன்று திசைமாற்றி இறுக்கமாக அடுக்கு, தளர்ந்திருந்தால் உறுமும். முதன்முதலில் லைன் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பை பிரைமரியோடு சீரிஸில் (தொடராக) போட்டு, செகண்டரியில் எதையும் இணைக்காமல் திறந்தே வை. பல்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கோ சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறது, உடனே அணைத்துவிடு. அப்படி எரியாவிட்டால், பல்பை எடுத்துவிட்டு, லோடு இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடவிடு. பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தகட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு எவ்வளவு என்று எனக்கு எழுது.

உன் நண்பன்