வாங்கி அனுப்ப வேண்டாம், போய்ப் பார்த்து வா

திருக்கோணமலை

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை இரண்டு மூன்று நாளாக யோசித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் மேசையில் கட்டுகிற மாதிரிக் கப்பலுக்கு வேண்டிய சின்னச் சின்னச் சாமான்கள் எல்லாம் அங்கே கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன, கப்பி, டெட் ஐ என்கிற ஓட்டைக் கட்டை, ஏணி, எல்லாம் அளவு பார்த்து வாங்கி அனுப்புகிறேன், நீங்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் அப்பா என்றாய். உன் மனம் எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம், பிள்ளை. ஏன் வேண்டாம் என்பதை அன்றைக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ இருக்கும் நியூகாசிலில் இருந்து ஹார்ட்டில்பூலுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நான் கட்டுகிற கப்பலின் மூலக் கப்பல் அங்கேதான் நிற்கிறது. அதன் பெயரே ‘டிரிங்கோமலி’. 1782ஆம் ஆண்டு நம் ஊருக்கு வெளியே கடலில் இங்கிலாந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையின் நினைவாக வைத்த பெயர். கட்டியது பம்பாயில். நெப்போலியனோடு சண்டை பிடித்துப் பிடித்து இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால், மலபார்த் தேக்கில் கட்டுங்கள் என்று வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்களிடம் வேலையைக் கொடுத்தார்கள். 1817 அக்டோபர் 12ஆம் தேதி கடலில் இறக்கினார்கள். பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இன்றைக்கும் தண்ணீரில் மிதப்பவற்றுள் இதுதான் மிகப் பழையது. நம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு இருநூறு வருடத்துக்கு மேலாக ஒரு கப்பல் மிதக்கிறது, அது என் மகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்த நாளில் இருந்துதான் எனக்கு இந்த வேலையில் இவ்வளவு பிடிப்பு.

இதன் வரைபடம் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முதலில் பம்பாய்க்குப் படத்தைக் கொண்டுவந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரின் ‘கான்ஸ்டிடியூஷன்’ அடித்து நொறுக்கிவிட்டது. படமும் அதோடு போயிற்று. மறுபடி பிரதி எடுத்து அனுப்பித்தான் வேலை தொடங்கியது. படத்தை மேசையில் விரிக்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன்.

நான் எடுத்துக்கொண்ட அளவு 72இல் ஒன்று. 150 அடிப் பீரங்கித் தளம் என் மேசையில் 25 அங்குலம் வரும். 40 அடி அகலம் ஆறரை அங்குலத்துக்குச் சற்று மேல். நிஜத்தில் ஓர் அடி என்றால் எனக்கு நாலே கால் மில்லிமீட்டர்.

நிஜக் கப்பல் தேக்கு என்பதால் நானும் தேக்கில்தான் தொடங்கினேன். அது பிழை. தேக்கின் நார் பெரிது. 72இல் ஒன்றாகச் சுருக்கிய பலகையில் அந்தக் கோடுகளும் குழிகளும் சுருங்காமல் அப்படியே நிற்கும், கப்பல் பலகை போலவே தெரியாது. அது போதாதென்று, நன்றாகக் காய்ந்த மரம் என்று சொல்லி மரக்கடையில் தந்த துண்டு காயவே இல்லை. ஏராவை, அதாவது கப்பலின் அடியில் நீளமாக ஓடுகிற முதுகெலும்புக் கட்டையை, சீவி முடித்து வைத்தேன், நவம்பர் மழை தொடங்கியதும் வில் மாதிரி வளைந்துவிட்டது. நடுவில் நாலு மில்லிமீட்டர் தூக்கல். இரண்டு மாத வேலை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பா.

அம்மாதான் வழியும் சொன்னா. அம்மம்மாவின் முதிரை அலுமாரி நினைவிருக்கிறதா, கீழ்ப்பாகம் கறையான் தின்று பின்விறாந்தையில் கிடந்ததே? அதன் கதவு இரண்டும் ஒரு சேதமும் இல்லாமல் இருந்தன. அறுபது வருடத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே காய்ந்த மரம். இனி எந்த மழைக்கும் அசையாது. முதிரை நார் மெல்லிசு, இறுக்கம், தேன் நிறம். அரை மில்லிமீட்டர் விளிம்பும் உதிராமல் கூர்மையாக நிற்கும். ஒரு குணம் மட்டும் கவனிக்க வேண்டும். நார் ஒரு பட்டை இந்தப் பக்கமும் அடுத்த பட்டை அந்தப் பக்கமும் ஓடும். சீவுளியை ஒரே திசையில் தள்ளினால் பாதி வழுவழுப்பாகவும் பாதி பிய்ந்தும் வரும். அதற்கு சீவுளி நாக்கை மிகக் கூராகத் தீட்டி, மயிரளவு மட்டும் வெளியே விட வேண்டும். உன் அப்பப்பா வள்ளம் கட்டின காலத்துச் சீவுளிதான் வைத்திருக்கிறேன். அவர் கை பட்ட இடம் கைப்பிடியில் பள்ளமாக இருக்கிறது, என் பெருவிரல் அதில் சரியாக உட்காருகிறது.

கப்பலின் விலா எலும்புகள் மாதிரி நிற்கிற சட்டங்களை அப்பப்பா வங்கு என்பார். கடைப் பெட்டிகளில் இதை ஒட்டுப்பலகையில் ஒரே துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். நானும் முதலில் ஒரே முதிரைத் துண்டில் வெட்டிப் பார்த்தேன். வளைவு திரும்புகிற இடத்தில் நார் குறுக்கே போய்விடுகிறது, விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி முறிகிறது. அப்போதுதான் பழைய தச்சர்கள் ஒவ்வொரு வங்கையும் ஏன் பல துண்டுகளாகக் கட்டினார்கள் என்பது எனக்குப் பிடிபட்டது. ஒவ்வொரு துண்டிலும் நார் வளைவோடு ஓடும்படி வெட்டி, இரண்டு அடுக்காக வைத்து, ஒரு அடுக்கின் மூட்டு மற்ற அடுக்கின் நடுத்துண்டில் வரும்படி ஒட்டினால் ஆள் ஏறி நின்றாலும் அசையாது. புத்தகத்தில் இதைப் பத்துத் தரம் வாசித்திருப்பேன். கையில் முறிந்த பிறகுதான் விளங்கியது. கடையில் வாங்கியிருந்தால் இது எனக்குக் கடைசி வரை தெரியாமலே போயிருக்கும்.

பலகை அடிக்கும்போதும் அப்படித்தான். கப்பலின் நடுவில் வயிறு அகலம், அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஒடுக்கம். நடுவில் எத்தனை பலகையோ அத்தனையும் அணியத்தில் போய் முடிய வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் முனையில் மெலிய வேண்டும். ஒரு காகித நாடாவை வங்கின் மேல் வைத்து நீளம் குறித்து, பலகை எண்ணிக்கையால் பிரித்துக்கொள்வேன். நடுவில் மூன்றரை மில்லிமீட்டர் என்றால் அணியத்தில் இரண்டுக்கு வந்துவிடும். வெந்நீரில் ஊறப்போட்டு, சூடான இரும்புக் குழாயில் மெதுவாக அழுத்திப் பிடித்தால் வளைந்து கொடுக்கும். அவசரப்பட்டால் வெடிக்கும்.

இனி நீ வாங்கித் தருகிறேன் என்ற டெட் ஐ. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிற கயிறுகளின் அடியில் ஒரு வட்டக் கட்டை இருக்கும். கீழே கப்பலோடு சேர்த்து இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே சின்னக் கயிற்றை மாறி மாறிக் கோத்து இழுத்து இறுக்குவார்கள். கட்டையில் மூன்று ஓட்டை. முதன்முதல் செய்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது உரித்த தேங்காய் மூன்று கண்ணோடு என்னைப் பார்ப்பது மாதிரியே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதைச் செய்கிற விதம் இதுதான். முதிரைக் குச்சி ஒன்றை ட்ரில் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, அரத்தாளால் நாலு மில்லிமீட்டர் உருளையாக்கிக் கொள்வேன். முனையில் ஊசியால் மூன்று புள்ளி குத்தி, மூன்று ஓட்டையும் நேராக உள்ளே இறக்குவேன். பிறகு ஒரு சின்ன முக்கோண அரத்தால் விளிம்பைச் சுற்றி ஒரு வாய்க்கால், பெரிய கயிறு வந்து பதிவதற்கு. கடைசியில்தான் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் வாளால் அறுத்து எடுப்பது. முதலே அறுத்துவிட்டால் கையில் பிடிக்க இடமிருக்காது. அறுபட்டதும் மேசைக்கு அடியில் தெறித்துப் போகும், அதற்கு இப்போது மடியில் ஒரு துவாய் விரித்துக்கொள்கிறேன். ஒரு மாலையில் ஐந்து முடிந்தால் நல்ல நாள். நூறுக்கு மேல் வேண்டும். 38 ஆகியிருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒரு மயிரளவு வித்தியாசம் இருக்கிறதுதான். அம்மம்மா சேலை மடித்து வைத்த அலுமாரியின் கதவு அந்தக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று நினைத்தால், கடையில் வாங்கின கட்டை ஒன்றைக்கூட அங்கே வைக்க எனக்கு மனம் வராது.

பாய்மரத்துக்கு மட்டும் முதிரை சரிவராது, அந்த மாறுகிற நாரால் முறுகும். சாமான் பெட்டி ஒன்றின் பைன் பலகையைப் பிளந்து எடுத்து வைத்திருக்கிறேன். அறுக்காமல் பிளந்தால்தான் நார் அடியில் இருந்து நுனி வரை நேராக ஓடும். சதுரத்தை எட்டுப் பட்டையாக்கி, பதினாறாக்கி, அப்புறம் உருட்டுவது. அது அடுத்த வருட வேலை.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பம்பாயில் இந்தக் கப்பலுக்கு ஏரா வைத்தபோது, பார்சிகளின் வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்கள். கப்பலுக்கு நல்லது என்ற நம்பிக்கை. புது ஏரா செய்தபோது நானும் அடித்தேன். நீ நாலு வயதில் போட்டிருந்த கொலுசின் அறுந்த வளையம் ஒன்று அம்மாவின் பெட்டியில் கிடந்தது. அதை நீட்டித் தட்டிச் சின்ன ஆணியாக்கி, அணியத்துப் பக்கம் இறக்கினேன். இப்போது மேலே பலகை மூடிவிட்டது, வெளியே தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

சரி, எனக்கு உன்னால் ஆக வேண்டிய காரியத்துக்கு வருகிறேன். குளிர் குறைந்ததும் ஒரு சனிக்கிழமை மருமகனையும் பேரனையும் கூட்டிக்கொண்டு ஹார்ட்டில்பூல் போய் வா. கப்பலின் அணியத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதரின் சிலை இருக்கும். அதை முன்னால் இருந்தும் இரண்டு பக்கம் இருந்தும் படம் எடு. தலைப்பாகை மடிப்புகள் பின்னால் எப்படிப் போகின்றன என்பதுதான் எனக்கு எந்தப் படத்திலும் தெரியவில்லை, அதை எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போய் எடு. மேல்தளத்தில் டெட் ஐ இருக்கும் இடத்துக்குப் போனால், சின்னக் கயிற்றின் முடிச்சு எந்தக் கண்ணில் தொடங்குகிறது, இடமா வலமா என்று பார். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். படம் எடுத்தால் பக்கத்தில் உன் கையை வைத்து எடு, எனக்கு அளவு தெரியும்.

பேரனுக்கு அங்கே நின்று இது நம் ஊரின் பெயர் என்று சொல்லு. பெயர்ப்பலகையைக் கையால் காட்டிச் சொல்லு. அம்மம்மா வீடு இருக்கிற ஊர் என்றால் அவனுக்கு விளங்கும்.

உனக்கு ஏதாவது வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்று இருந்தால், அரை மில்லிமீட்டர் ட்ரில் பிட் பத்து அனுப்பு. இங்கே கடைகளில் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே எனக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் இருந்ததில் இரண்டுதான் மிச்சம், நேற்று ஒன்று முதிரைக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டது.

அன்புடன்,
அப்பா