பச்சைக் கவுனின் ஓரத்தைப் பிரித்துத் தைத்திருக்கிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பெட்டியைத் திறந்ததும் இந்தக் கடிதம்தான் மேலே இருக்கும். படித்துவிட்டு அப்புறம் துணியை எடு. நேற்று ராத்திரி போனில் “ரஷ்ஷுக்கு என்ன போடுறதுன்னே தெரியலம்மா” என்று நீ கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. படுத்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சொரோரிட்டி என்கிற மாணவிகள் சங்கத்தில் சேர, ஒவ்வொரு சங்கத்தின் வீட்டுக்கும் சுற்றுச் சுற்றாகப் போய்ப் பேச வேண்டிய ரஷ் ஆயிற்றே, உடுப்பு குழப்பத்தான் செய்யும்.

முதலில் அந்தப் பச்சைக் கவுன். ஓரத்தைப் பிரித்து ஒன்றரை அங்குலம் இறக்கித் தைத்திருக்கிறேன். நிற்கும்போது உயரம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் போன மாதம் அதைப் போட்டுக்கொண்டு நம் சோபாவில் உட்கார்ந்தாய் பார், அப்போது உன் கை கவுனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தது. உனக்கே தெரிந்திருக்காது. கடைசியில் வரும் பிரிஃபரன்ஸ் சுற்றில் மற்ற நாள்களைப் போல ஆரவாரம் இருக்காது. உட்கார வைத்து, நிதானமாக, மனம் விட்டுப் பேசுவார்கள். அந்த நேரம் முழுதும் உன் கை மடியில் சும்மா கிடக்கவேண்டும். பழைய மடிப்பின் கோடு லேசாகத் தெரிகிறது. ஈரத்துணி போட்டு இரண்டு முறை இஸ்திரி தேய்த்தேன், முழுதாகப் போகவில்லை. ஓர் அடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் தெரியுமா? 1999-இல் சென்னையில் என் முதல் நேர்முகத் தேர்வுக்குச் சித்தியின் காட்டன் புடவையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். கஞ்சி போட்ட புடவை, மொடமொடவென்று விரைத்துக்கொண்டு நின்றது. உட்கார்ந்தால் கொசுவம் விசிறி மாதிரி விரிந்தது. எதிரே மூன்று பேர் கேள்வி கேட்கிறார்கள், என் மனசோ கொசுவத்திலேயே கிடந்தது. பதில் தெரிந்த இரண்டு கேள்விக்கு வாயே திறக்கவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. உடுப்பு அழகாக இருந்ததா இல்லையா என்பதை விட, அதை நாம் மறந்துபோக முடிந்ததா என்பதுதான் முக்கியம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன். எதைப் போட்டால் போட்டிருப்பதே உனக்கு மறந்துபோகுமோ, அதைப் போடு.

ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸின் ஆகஸ்ட் வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மில்லெட்ஜ் அவென்யூவில் வெள்ளைத் தூண் வைத்த அந்தச் சங்க வீடுகளின் வாசலில், கதவு திறக்கும் வரை வரிசையில் நிற்கத்தான் வேண்டும். சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் அக்குளில் நனைந்தால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், சாட்டின் துணி அதைவிட மோசம். வெள்ளை, கருநீலம், சின்னப் பூப்போட்டது எல்லாம் காட்டாது. அதனால்தான் அந்தச் சாம்பல் கவுனை இங்கேயே எடுத்து வைத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. சாயங்காலம் இடி மழை வரும், குடை கைப்பையிலேயே இருக்கட்டும். செருப்பை இன்றைக்கே போட்டுக்கொண்டு ஹாஸ்டல் படியில் ஏறி இறங்கிப் பார். புதுச் செருப்பு கடிக்கும் என்று ஆச்சி சும்மா சொல்லவில்லை. குதி கட்டையாக இருக்கும் செருப்பே போதும், ஊசிக் குதி புல்தரையில் புதைந்துவிடும். வீட்டுக்கு வீடு நடக்கும்போது ஷூ போட்டுக்கொள், வாசல் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

டி-சர்ட் சுற்றைப் பற்றிக் கவலையே இல்லை. அவர்கள் கொடுப்பதைப் போட்டு, கீழே உன் வெள்ளை ஸ்கர்ட்டைப் போட்டுக்கொள். சிஸ்டர்ஹுட் சுற்றுக்கு மஞ்சள் பூப்போட்ட கவுன். சரி, உடுப்புக் கணக்கு அவ்வளவுதான்.

நீ காட்டிய டிக்டாக் வீடியோக்களையும் பார்த்தேன். 2021 ஆகஸ்டில் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் ரஷ்ஷுக்குப் போன பெண்கள் கண்ணாடி முன் நின்று, கவுன் இந்தக் கடை, தோடு அந்தக் கடை என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கியதிலிருந்துதான் இந்தப் பயம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. கோல்டன் கூஸ் ஷூ ஐந்நூறு டாலருக்கு மேல் விலை, புதிதாக வாங்கும்போதே அழுக்குப் பட்ட மாதிரி செய்து விற்கிறார்கள். அப்பா வாங்கித் தரத் தயாராகத்தான் இருந்தார், நான்தான் வேண்டாம் என்றேன். பணம் மட்டும் காரணம் இல்லை. அந்த ஷூவைப் பார்த்து உன்னிடம் பேச வருகிறவள், நீ அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவந்து தருவாளா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. உனக்கு வேண்டியது அப்படிக் கஞ்சி கொண்டுவருகிற தோழமை அல்லவா?

இதெல்லாம் என்ன ஏது என்று தெரிந்துகொள்ள நானும் கொஞ்சம் படித்தேன். ஆல்பா டெல்டா பை என்கிறீர்களே, அந்தச் சங்கம் இதே ஜார்ஜியாவில், மேக்கன் ஊரின் பெண்கள் கல்லூரி ஒன்றில் 1851-இல் தொடங்கியதாம். ஆச்சிக்குச் சொரோரிட்டி என்ற வார்த்தையே கமலா ஹாரிஸால்தான் தெரியும். “ஷியாமளா பொண்ணு சேர்ந்திருந்தாளே, அதுதானா?” என்று கேட்டாள். அது ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-இல் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஆல்பா கப்பா ஆல்பா, சேருகிற முறையே வேறு என்று விளக்கினேன். புரிந்ததோ இல்லையோ, ஜிமிக்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அந்தச் சின்ன ஜிமிக்கிதான் சிவப்பு டப்பியில் இருக்கிறது. பச்சைக் கவுனுக்கு எடுப்பாக இருக்கும். போட்டுத்தான் ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் “அங்கே யாரும் போட மாட்டாங்க” என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் கழற்றி வைக்காதே. யாராவது கேட்டால் ஆச்சியைப் பற்றிப் பேசலாம். பேசத் தொடங்கத்தானே அங்கே எல்லாருக்கும் ஒரு நூல் முனை தேவைப்படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. தினமும் காலையில் வரும், உன்னைத் திரும்ப அழைக்கும் வீடுகளின் பட்டியலில் உனக்குப் பிடித்த வீடு இல்லாமல் போகலாம். ஒவ்வொரு வீடும் எத்தனை பேரைத் திரும்ப அழைக்கலாம் என்பதை முந்தைய ஆண்டுக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் பிடித்த பெண்ணைக்கூட விட வேண்டி வரும். நிறம் பார்ப்பதும் இல்லாமல் இல்லை. அலபாமாவில் கறுப்பினப் பெண்களை நிறத்துக்காகவே ஒதுக்கினார்கள் என்று 2013-இல் அங்குள்ள மாணவர் பத்திரிகையே எழுதியது, அதற்கப்புறம்தான் நிலைமை மாறத் தொடங்கியது. அப்படி ஏதாவது நடந்தால், மஞ்சள் கவுனைப் போட்டதால்தான், ஜிமிக்கியைப் போட்டதால்தான் என்று ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டு கிடக்காதே, கண்ணு. எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுதுவிட்டுத் தூங்கலாம்.

பக்கப் பையில் ஆறு ஊக்கு, பச்சை நூல் கோத்த ஊசி, கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், சின்ன மின்விசிறி எல்லாம் இருக்கின்றன. விசிறியைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். எந்த வீடு சேர்த்துக்கொண்டது என்று தெரியவரும் பிட் டே அன்றைக்கு எந்த வீட்டுச் சட்டை கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், நானும் அப்பாவும் சாயங்காலம் வருகிறோம். பச்சைக் கவுனை மட்டும் டிரையரில் போடாதே, ஓரம் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, கதவுக்குப் பின்னால் மாட்டிவிடு.

அன்புடன்,
அம்மா