சனிக்கிழமை கெர்னிகா நடை

எல்லாருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியில் உள்ள கெர்னிகா ஊரின் ரயில் நிலைய வாசலில் கூடுகிறோம். பில்பாவோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், அதைக் கணக்குப் பண்ணிக் கிளம்புங்கள்.

1. முதலில் பாஸ்க் பகுதியின் பிஸ்காயா மாகாணச் சபை மாளிகை. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது 1937 ஏப்ரல் 26 அன்று நடந்த குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி எரிந்தும் இதுவும் பக்கத்து ஓக் மரமும் தப்பின. இப்போது நிற்பது அந்த மரத்தின் வாரிசு, பழைய அடிமரம் தனியே தூண்மண்டபத்தில் இருக்கிறது. உள்ளே கூரையின் வண்ணக் கண்ணாடியை அண்ணாந்து பாருங்கள்.
2. அப்புறம், அந்தக் குண்டுவீச்சைப் பற்றி பிக்காசோ வரைந்த 'கெர்னிகா' ஓவியத்தின் பிரதி, சுவரில் ஓடுகளால் செய்தது. அசல் மாட்ரிட்டில், இங்கே தேடாதீர்கள்!
3. குடையும் நடக்க வசதியான ஷூவும் கட்டாயம்.
4. வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயரும் எத்தனை பேர் என்பதும் போடுங்கள், வெறும் கட்டைவிரல் எமோஜி போதாது.