ஹார்டு கவரை ஏன் நிறுத்திவிட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தச் சில மாதங்களாக எங்கள் செல்போன் கடைக்கு வரும் பலரும், போனுக்குப் போடும் கெட்டி பிளாஸ்டிக் கவரைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "அந்தப் பளபளன்னு இருக்குமே, 100 ரூபாய் ஹார்டு கவர், அது எங்கேங்க?" ரிச்சி ஸ்ட்ரீட் கூட்டத்தில் நின்று பதில் சொல்ல முடியாமல், "இப்போ வர்றதில்லைங்க" என்று அனுப்பிவிட்டோம். அது சரியான பதில் இல்லை. சரக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, வாங்குவதை நாங்கள்தான் நிறுத்திவிட்டோம். காரணத்தை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

எங்கள் கடையில் முன்னால் கவரும் டெம்பர் கிளாஸும் விற்கிறோம், பின்னால் சர்வீஸ் மேசை. போன ஐப்பசி மழையில் ஒரு கல்லூரி மாணவி வந்தார். பார்க் ஸ்டேஷன் படியில் போன் கைநழுவி விழுந்திருக்கிறது. கவரில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே டிஸ்பிளே மூலைக்கு மூலை விரிசல் விட்டிருந்தது. "கவர் போட்டிருந்தேனே அண்ணா" என்றார். அந்தக் கவரை விற்றது நாங்கள்தான். அன்று இரவே மிச்சமிருந்த ஹார்டு கவர்களை எல்லாம் ராக்கிலிருந்து இறக்கிவிட்டோம்.

கவர் உடையாமல் போன் மட்டும் எப்படி உடைகிறது? தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வோம். கையை விறைப்பாக வைத்திருந்தால் விரல் போய்விடும். போனும் அப்படித்தான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் போன் தரையைத் தொடும்போது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் அடங்கினால், போனின் எடையைப்போல் சராசரியாக ஆயிரம் மடங்கு விசை அதன்மேல் விழுகிறது. 200 கிராம் போனுக்கு அது 200 கிலோ. அதே வேகம் மூன்று மில்லிமீட்டரில் மெதுவாக அடங்கினால் விசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். கவர் செய்ய வேண்டிய வேலை இதுதான், தான் அமுங்கி அடியை வாங்கிக்கொள்வது. முழுக்கக் கெட்டி பிளாஸ்டிக்கால் ஆன கவர் அமுங்குவதே இல்லை, வாங்கிய அடியை அப்படியே போனுக்குக் கொடுத்துவிடுகிறது. கீறலிலிருந்து காப்பாற்றும், விழுந்தால் காப்பாற்றாது. (பின்பக்கம் கெட்டியாகவும் ஓரம் ரப்பர்போல மெத்தென்றும் இருக்கும் கவர் வேறு. அது நல்லது, அதை விற்கிறோம்.)

இனி எந்தக் கடையில் வாங்கினாலும் முதலில் மூலையைப் பாருங்கள். போன் பெரும்பாலும் மூலையிலோ ஓரத்திலோதான் விழுகிறது. அத்தனை அடியும் நகக்கண் அளவு இடத்தில் இறங்குகிறது. கட்டைவிரலால் கவரின் மூலையை அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். சில கவர்களில் மூலைக்குள் சின்னக் காற்றறை விட்டிருப்பார்கள், அது இன்னும் நல்லது. அடுத்து, கவர் போட்ட போனை மேசையில் கவிழ்த்து வையுங்கள். போனின் கண்ணாடி மேசையில் படக்கூடாது. டெம்பர் கிளாஸ் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டெம்பரே மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இருக்கும், மெலிதான விளிம்பை அதுவே விழுங்கிவிடும். பின்னால் கேமராவைச் சுற்றியும் இதேபோல உயரம் வேண்டும்.

பெட்டியில் "மிலிட்டரி கிரேடு" என்று போட்டிருப்பதைக் காட்டிக் கேட்கிறீர்கள். அமெரிக்க ராணுவத்தின் 810 என்ற தரநிலையைத்தான் அது குறிக்கிறது. அதில் கீழே போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு: 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை. ஆனால் அந்த 26-ஐயும் ஒரே பொருள் தாங்க வேண்டியதில்லை, ஐந்து பொருள்வரை பிரித்துப் போடலாம். விழுவதும் கான்கிரீட் மேல் விரித்த ப்ளைவுட்டில்தான். நம் வீட்டிலோ கிரானைட், டைல்ஸ். இதற்கு ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை, கம்பெனியே சோதித்துக் கம்பெனியே எழுதிக்கொள்வது. அதனால் அந்த எழுத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். டெம்பர் கிளாஸில் போட்டிருக்கும் 9ஹெச் என்பதும் பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவுகோல்தான், விழுந்தால் தாங்குமா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

மணலைப் பற்றி நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது சிலருக்கு அலுப்பாக இருக்கலாம். ஆனாலும் சொல்கிறோம். போன் கண்ணாடியைச் சூடான பொட்டாசியம் உப்புக் குழம்பில் ஊறவைத்துத்தான் பலப்படுத்துகிறார்கள். கண்ணாடியில் இருக்கும் சோடியம் வெளியேறி, அதைவிடப் பெரிய பொட்டாசியம் அந்த இடத்தில் நெருக்கி உட்காரும். அந்த நெருக்கம்தான் பலம். சாவியும் சில்லறையும் பொதுவாக அதைக் கீறாது, மெரினா மணல் கீறும், ஏனென்றால் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். கீறல் ஆழமாகப் போனால் அடுத்த முறை விழும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பெசன்ட் நகரோ மெரினாவோ போய் வந்தால் அன்றே கவரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். போனை மெல்லிய துணியால் துடைத்து, கவர் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

டேப்லெட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். போனைவிட இரண்டு மூன்று மடங்கு எடை, அகலமான கண்ணாடி. மூலையில் அடிபட்டால் உலோகச் சட்டம் வளைந்து அந்த வளைவே கண்ணாடியை உடைக்கும். காந்தத்தில் மூடிக்கொள்ளும் மெல்லிய ஃபிளிப் கவர் பையில் வைக்கத்தான் லாயக்கு. விழும்போது நடுவழியிலேயே திறந்துகொள்கிறது. திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பாட்டி வந்தார். வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு பேச மகன் வாங்கிக் கொடுத்த டேப்லெட், ஊஞ்சலில் உட்கார்ந்து பேசும்போது மடியிலிருந்து சரிந்துவிட்டது. டிஸ்பிளே போனதைவிட, இரண்டு நாள் பேரன் முகம் பார்க்க முடியாததுதான் அவருக்குப் பெரிய கவலை. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கைப்பிடி வைத்த தடித்த ஃபோம் கவரைத்தான் தருகிறோம். பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை.

எந்தக் கவரும் எல்லாவற்றையும் தடுக்காது. குப்புற விழுந்து கூரான ஜல்லி ஒன்று கண்ணாடியைக் குத்தினால் எங்கள் கவரும் உதவாது. அதனால் விழும் இடங்களையும் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் மேசைக்கு வருபவற்றில் நிறைய, சட்டைப் பையிலிருந்து விழுந்தவை: சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடியைத் திறக்கக் குனியும்போது, வண்டி ஸ்டாண்ட் எடுக்கும்போது. அப்புறம், மடியில் போனை வைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்குவது. தண்ணீர் புகாது என்று வாங்கிய போனாக இருந்தாலும், ஒருமுறை பலமாக விழுந்துவிட்டால் அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். உள்ளே தண்ணீரைத் தடுக்கும் பசை விட்டிருக்கலாம்.

கோடை வருகிறது. ஐபோனை 35 டிகிரி வரையுள்ள இடத்தில்தான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள், நம் ஊர் மே மாதத்தில் 40-ஐத் தாண்டும். சார்ஜ் போடும்போது போன் சுட்டால் கவரைக் கழற்றிவிடுங்கள். நன்றாகப் பொருந்திக்கொண்டிருந்த கவர் திடீரென்று இறுகினாலோ பின்மூடி தூக்கினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். சார்ஜ் போடாமல், அணைத்து, அப்படியே கொண்டுவாருங்கள்.

மஞ்சளாகித் தளர்ந்துபோன பழைய கவரும் ஹார்டு கவர் மாதிரிதான். மூலை பிடிமானம் விட்டிருந்தால், விழும்போது போன் தனியாகத் தெறித்துவிடும். மாற்றிவிடுங்கள்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் கவர்கள் 250 ரூபாயிலிருந்து ஆரம்பம். விலை கூடியிருக்கிறது என்பது தெரியும். எங்களிடம் வாங்கிய ஹார்டு கவர் இன்னும் உங்கள் போனில் இருந்தால் கொண்டுவாருங்கள், பில் வேண்டாம். 100 ரூபாயைக் கழித்துக்கொண்டு புதியது தருகிறோம். ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் காலை 11 மணிக்கு வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும், உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உங்கள் செல்போன் கடையிலிருந்து,
ரிச்சி ஸ்ட்ரீட், சென்னை