மூக்கர் வேலைக்கு ஒரு சென்சார்

அன்புள்ள சேகர்,

கடிதம் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று நீ ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: சோம்பல்தான், வேறொன்றுமில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் காகித ஆலையில் மூக்கர் வேலையை, அதுதான் கூழ்த் தண்ணீரை மோந்தே அதன் நிலையைச் சொல்வாரே நம் பழைய ஆள், அவர் வேலையைச் சென்சாருக்குக் கொடுத்துவிட்டார்கள். சிரிக்காதே. தொட்டி ஓரம் நின்று மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு "இன்றைக்கு ராத்திரி தாள் அறும்" என்பாரே, சொன்னபடி அறுமே, அதை இப்போது திரையில் ஒரு கோடு சொல்கிறது.

எல்லாம் தண்ணீரைச் சேமிக்கப் போய் வந்தது. தாளாக வடிய வலையில் விழும் கூழில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் தண்ணீர்தான், உனக்குத் தெரியாததா. முன்பெல்லாம் வடிந்ததில் ஒரு பங்கைக் கழிவுநீர் நிலையத்தில் இருக்கும் உன்னைப் போன்றவர்கள் தலையில் கட்டிவிட்டுப் புதுத் தண்ணீரை இழுத்துக்கொள்வோம். இப்போது வடிந்ததையே திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறோம். ஆற்றுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சுற்றை இறுக்க இறுக்க உப்பு, மாவுச்சத்து, மரத்திலிருந்து கரைந்த கண்ட கழிசடையும் உள்ளேயே தங்குகிறது. பெரும்பாலும் எதிர்மின் சுமை கொண்டவை. கூழின் நாரைப் பிடித்துவைக்க நாம் போடும் நேர்மின் பாலிமரை நாருக்கு முன்னால் இவை விழுங்கிவிடும். ஆக, தண்ணீர் குறைந்தால் ரசாயனம் ஏறுகிறது. இதற்குப் பெயர்தான் பசுமையா என்று கூட்டத்தில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது தனிக் கதை.

இந்த இடத்தில்தான் கருவி எனக்குப் பிடித்துப்போயிற்று. குழாயிலேயே மின்சுமையை அளந்து, தேவைக்கு மட்டும் பாலிமர் விடுகிறது. இன்னொன்று, உயிருள்ள செல்களில் இருக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பார்க்கிறது: மின்மினிப் பூச்சியின் நொதியைச் சேர்த்தால், நுண்ணுயிர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஒளிரும். தட்டில் வளர்த்து நாள் கணக்கில் காத்திருந்தோமே, இது சில நிமிட வேலை. நுண்ணுயிரைக் கொல்லும் பயோசைடை வீணாக ஊற்றி உன் பக்கத்து நல்ல பாக்டீரியாவை இனிமேல் கொல்ல மாட்டோம், நன்றி சொல்லு. அந்தப் பாலிமரைக் கட்டும் அக்ரிலமைடு என்ற பொருளையே 1985 முதல் ஜப்பானில் பாக்டீரியா நொதியை வைத்துத் தயாரிக்கிறார்களாமே, செம்பு வினையூக்கியும் அதற்கான சூடும் இல்லாமல்! மூலப்பொருள் என்னவோ பழைய பெட்ரோலியம்தான்.

சரி, குறையையும் கேள். போன மாதம் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் கோடு நாள் கணக்கில் ஆடாமல் அசையாமல் போயிற்று. விற்றவர்களின் ஆள் "எவ்வளவு நிலையாக இருக்கிறது பாருங்கள்" என்று பூரித்தார். முனையைக் கழற்றினால் கொழகொழவென்று சவ்வு, நுண்ணுயிர் கட்டும் ஸ்லைம். ஸ்லைமை விரட்டப் போட்ட ஏற்பாட்டை ஸ்லைமே மூடியிருந்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. மூக்கர் மோந்த அந்த நாற்றத்தில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயுவும் உண்டு. கொஞ்சமாக இருக்கும்போதுதான் அது நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கை, அதாவது 100 பிபிஎம்மைத் தொட்டால் மூக்கு மரத்து, நாற்றம் போய்விட்டதென்றே தோன்றும். சுற்றை இறுக்கிய பிறகு, தேங்கி நிற்கும் தொட்டிகளில் அது உண்டாக வழி அதிகம். அன்றைக்குத் தொட்டி கழுவ வந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "நாத்தமே இல்லண்ணே, இறங்கவா?" என்றான். அவனிடம் வாயு மீட்டர் இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது சேகர். திரைக்கு இத்தனை சென்சார் வாங்கியவர்கள், அவன் சட்டையில் மாட்ட ஒன்றை வாங்கவில்லை. மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன். மீட்டர் வந்த பிறகுதான் கொடுத்தேன். மேலே இருப்பவர்கள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, போகட்டும்.

அப்புறம், உங்கள் நிலையத்தில் ஆலம் (படிகாரம்) அளவைப் பார்த்துக்கொள்ளும் மின்சுமைக் கருவியின் முனையை எதைக் கொண்டு கழுவுகிறீர்கள்? ஜாடிகளில் கலக்கிப் பார்க்கும் பழைய ஜார் டெஸ்டோடு ஒப்பிடுகிறீர்களா, அதையும் கைவிட்டாயிற்றா? ஆட்கள் இறங்குவதற்கு முன் யார் அளக்கிறார்கள் என்பதையும் விவரமாக எழுது. மருமகளை விட்டு எழுதச் சொல். உன் கையெழுத்தைப் படிக்கும் கருவி இன்னும் வரவில்லை.

அன்புடன்,
மூர்த்தி