சுவருக்கு அந்தப் பக்கமும் அதே இசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஜூலை மழையில் ஒரு நாள் ராத்திரி எங்கள் டிவியில் சிக்னல் போய்விட்டது. அம்மா பார்த்துக்கொண்டிருந்த தமிழ் சீரியலில் மருமகள் பீரோவைத் திறக்கப் போகிற நேரம். ஐந்து நிமிடம் கழித்து அம்மா, "சத்தம் வந்துடுச்சு பாரு, படம்தான் வரல" என்றார். எங்கள் டிவியில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டு ஆஜி (மராத்தியில் பாட்டி) பார்க்கிற மராத்தி சீரியலின் பின்னணி இசை சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. அதே இடி, அதே 'திடும் திடும் திடும்', அப்புறம் அதே பெண் குரலில் ஓர் இழுவை. 82 வயதில் காது மந்தமான அம்மாவை விடுங்கள், எனக்கே ஒரு நிமிடம் வித்தியாசம் தெரியவில்லை.

1986-இல் கல்யாணமாகி மும்பையில் செம்பூருக்கு வந்தேன். அப்போது எங்கள் மாடியில் இரண்டு வீட்டில்தான் டிவி. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் 'மால்குடி டேஸ்' தொடரின் ஹம்மிங் காதில் விழுந்ததும் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம். இந்தி சரியாகப் புரியாத எனக்கு அந்த மெட்டு ஊர் ஞாபகத்தைக் கொண்டுவந்தது. இசை எல். வைத்தியநாதன் என்று பின்னால் தெரிந்தபோது அவ்வளவு சந்தோஷம். வசனமே இல்லாத 'பேசும் படம்' படத்துக்கும் அவர்தான் இசை. 1988-இல் ராஜ்கமல் இசையில் 'மகாபாரத்' வந்தது. ஞாயிறு காலையில் சங்கு ஊதினால் கட்டடமே அமைதியாகிவிடும். அதே வருஷம் ஷ்யாம் பெனகல் இயக்கிய 'பாரத் ஏக் கோஜ்' என்ற சரித்திரத் தொடர். இந்த மும்பைக்காரரான வன்ராஜ் பாட்டியா ரிக் வேதத்தில் படைப்பைப் பற்றிய நாசதீய சூக்தத்தை எடுத்து முகப்பு இசை அமைத்திருந்தார். சமையலறையில் இருந்தே எது ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருந்தது.

அதெல்லாம் வாரத்துக்கு ஒன்று. தினசரித் தொடர் காலம் வந்த பிறகும் உடனே எல்லாம் கெட்டுவிடவில்லை. 1999 கடைசியில் 'சித்தி' தொடங்கியபோது தினா இசையில் நித்யஸ்ரீ பாடிய முகப்புப் பாட்டை எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குழந்தைகள் எல்லாம் பாடிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் 2000-க்குப் பிறகு, முகத்தை மூன்று தடவை கிட்டத்தில் காட்டி மூன்று தடவை இடி இடிக்கிற வழக்கம் எல்லா மொழியிலும் ஒட்டிக்கொண்டது.

என் அண்ணன் மகன் அந்தேரியில் ஓர் எடிட்டிங் அறையில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் அவனுடைய கம்ப்யூட்டரைக் காட்டினான். 'ஷாக் 1', 'ஷாக் 2', 'அழுகை மெது', 'வில்லி என்ட்ரி' என்று வரிசையாக ஃபோல்டர்கள். வயலின், ஷெனாய், தபலா எல்லாமே கீபோர்டில் வாசித்துச் சேர்த்து வைத்தவை. காட்சிக்கு ஏற்றதை இழுத்துப் போட வேண்டியதுதான். "நாளைக்கு ராத்திரி ஓட வேண்டிய எபிசோட் அத்தை, புதுசா வாசிக்க யாருக்கு நேரம்?" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. ஒரே பண்டலில் இருந்து பத்து தொடருக்கு இசை எடுத்தால் தமிழும் மராத்தியும் ஒன்றாகத்தான் கேட்கும்.

சத்தம் கூட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. பாதிப் பேர் அடுப்படியில் நின்றபடி கேட்கிறோம். 'திடும்' என்றால் கரண்டியோடு ஓடி வருகிறோம். நானும் ஓடியிருக்கிறேன். சரி, கூப்பிடட்டும். கூப்பிட்ட பிறகாவது பேசுகிறவர்களைப் பேச விடலாமே?

அம்மா காது மிஷின் வைத்திருக்கிறார். அது பேச்சோடு சேர்த்து இசையையும் தூக்கிக் கொடுக்கிறது. போதாக்குறைக்கு இப்போதைய ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்துக்கொண்டு இருக்கிறது. "என்னடி சொன்னா அவ?" என்று அம்மா கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போயிருக்கும். இப்போதெல்லாம் சத்தத்தை மூடிவிட்டு உதட்டை மட்டும் பார்க்கிறார். டப்பிங் தொடர் என்றால் அதுவும் முடியாது.

தமிழ் சேனல்காரர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். வசனம் வரும் இடத்தில் இசையைத் தாழ்த்துங்கள். தமிழ் சீரியலுக்குத் தமிழிலேயே எழுத்து ஓட விடுங்கள், வயதானவர்கள் படித்துக்கொள்வார்கள். தொடர் தொடங்கும்போது ஒரு வாரமாவது ஓர் இசையமைப்பாளரையும் நாலு வாத்தியக்காரர்களையும் உட்கார வைத்து அந்தக் கதைக்கென்று ஒரு மெட்டு போட்டு வாங்குங்கள். வருஷக்கணக்கில் ஓடப்போகிற தொடருக்கு ஒரு வாரம் பெரிய செலவா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை