மல்டிமீட்டரையும் எடுத்துப் போ

சத்துவாச்சாரி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். கத்திரி பிறக்கவே இல்லை, அதற்குள் ஃபேன் அனல் காற்றை இறைக்கிறது. மகளும் நீயுமாகவே கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணப் போகிறீர்கள் என்றதில் ரொம்ப சந்தோஷம்.

நீ எழுதிய பட்டியலில் ரைசன் 5 7600, பி650 போர்டு, 16 ஜிபி ரேம் இரண்டு எல்லாம் சரி. அந்த பிராசசரிலேயே டிஸ்ப்ளே உண்டு, கிராஃபிக்ஸ் கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்தான், அதாவது எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி. ஸ்டிக்கரில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நீ 12 வோல்ட்டுக்கு எதிரே இருக்கும் ஆம்பியரைப் பார். 14 என்றிருந்தால் பெருக்கிக்கொள், 168 வாட்தான். பிராசசரும் கார்டும் தின்பது அந்த லைனைத்தான். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்சிக்கனச் சான்று உள்ள ஒன்றைத் தனியாக வாங்கு.

அதற்கும் முன்னால் எர்த். குடியாத்தத்துப் பழைய வீடுகளில் மூணு பின் பிளக் இருக்கும், மூணாவது பின்னுக்கு ஒயரே போயிருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் கொஞ்சம் கரண்ட் எர்த்தில் இறங்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டிலேயே நிற்கும், தொட்டால் சுர்ரென்னும். எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிடு. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட்டுக்குள். அது சரியாக இருந்தால், பிளக்கைச் செருகி, சுவர் சுவிட்சை அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் இரும்பை அவ்வப்போது தொட்டுக்கொண்டே வேலை செய்யலாம். உடம்பில் சேர்ந்து பாகங்களைக் கெடுக்கும் ஸ்டாட்டிக் மின்சாரத் தொல்லை இருக்காது.

பிராசசரில் பின் கிடையாது, போர்டு சாக்கெட்டில்தான் இருக்கிறது. 1718 பின், தலைமுடி மாதிரி. பிராசசர் மூலையிலும் சாக்கெட் மூலையிலும் உள்ள முக்கோணக் குறிகள் நேராக வரும்படி வை, அழுத்தாதே. லீவரை மடக்கும்போது கறுப்பு மூடி தானே தெறிக்கும். அதைப் பத்திரப்படுத்து, வாரண்டிக்குப் போர்டு போனால் கேட்பார்கள். கூலர் மாட்டும்முன் சாக்கெட்டின் இரு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்ற வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் இங்கேதான் அரை மணி நேரம் விழிப்பார்கள். பெட்டியோடு வரும் கூலரில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவியே இருக்கும், விரல் வைக்காதே. நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு.

ரேம் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டில். கேபினெட்டில் போர்டைத் தாங்கும் குட்டி உலோகக் கால்கள் (ஸ்டாண்ட்ஆஃப்) போர்டின் ஓட்டைக்கு நேராக மட்டும் இருக்கட்டும். உபரியாக ஒன்று போர்டின் அடிவயிற்றைத் தொட்டால் ஷார்ட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் ஒயரோடு, பிராசசருக்கான 8 பின் ஒயரையும் செருகு. மறந்தால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது.

முதல் தடவை ஆன் பண்ணினால் திரை சில நிமிஷம் கறுப்பாகவே கிடக்கும், போர்டில் DRAM என்று போட்ட விளக்கு இருந்தால் அது எரியும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்து அணைத்துவிடாதே, 10 நிமிஷம் விடு. அதற்கப்புறமும் வராவிட்டால் ஒரே ஒரு ரேமை 2ஆம் ஸ்லாட்டில் வைத்துப் பார். டிஸ்ப்ளே வந்ததும் பயாஸில் (போர்டின் செட்டிங் திரை) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ (EXPO) என்பதை ஆன் பண்ணு, இல்லாவிட்டால் 6000 வேக ரேம் பெரும்பாலும் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

வெயிலை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதே. அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் பிராசசரிலும் ஏறும். அறை 25 டிகிரியில் இருக்கும்போது 78 காட்டுவது நம்மூர் மே மாதத்து 40 டிகிரியில் 93 ஆகும். இந்த பிராசசருக்கு 95 தான் எல்லை, அங்கே போனால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலை வைத்த கேபினெட், உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், வெளியே தள்ள ஒன்று. உங்கள் தெருவில் தறி ஓடுகிறது, பஞ்சு ஃபில்டரில் கம்பளமாகப் படியும். மாதம் ஒரு தடவை கழற்றித் தட்டு.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடி பக்கம் வருவதாக எழுதியிருக்கிறாயே, அப்படியே வீட்டுக்கு வா. என் மல்டிமீட்டரையும் காந்த முனை ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துப் போ.

அன்புடன்,
ரவி